போன் எடுக்காத பதிப்பாளரும் நான் கிழித்த கவரும்

போன ஞாயிறு, படிக்கவும் உட்கார்ந்து வேலை பார்க்கவும் இடம் தரும் கொளத்தூர் முதல்வர் படைப்பகத்திலிருந்து வெளியே வந்த ஒரு தம்பி டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டான். வியாசர்பாடிக்காரன். ஒரு பதிப்பகம் அவனுடைய முதல் மின்னூலை வெளியிட்டு ஒன்றரை வருடம் ஆகிறது.

“அக்கா, எட்டு மாசமா போனே எடுக்க மாட்டேன்றாங்க. கணக்கும் வரல, காசும் வரல. அதான் நேத்து நைட்டு நானே புக்க ஆன்லைன்ல ஏத்தி விட்டுட்டேன்.”

பெருமையாகச் சொன்னான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2018இல் தண்டையார்பேட்டை வீட்டில், இதே மாதிரி ஒரு ராத்திரியில், இதே கோபத்தில், இதே வேலையைத்தான் நானும் செய்தேன்.

படிக்காமல் கையெழுத்துப் போடாதே, ஒப்பந்தத்தின் நகலை வாங்கி வைத்துக்கொள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் போடுவோம். பதில் சொல்லாத பதிப்பாளரிடமிருந்து புத்தகத்தின் உரிமையைத் திரும்ப வாங்கும்போது நாம் செய்யும் தப்புகளைத்தான் சொல்லப்போகிறேன்.

பேசவில்லை என்றால் விட்டுவிட்டார்கள் என்று நினைப்பது

நான் 2014 ஆகஸ்டில் ஒரு மின்னூல் பதிப்பகத்துக்கு என் நாவலைக் கொடுத்தேன். இரண்டு பக்க ஒப்பந்தம். முதல் இரண்டு வருடம் ஒழுங்காக விற்பனைக் கணக்கு வந்தது. அப்புறம் தாமதமாக வந்தது. 2017இல் நின்றே போனது. மெயிலுக்குப் பதில் இல்லை. அலுவலகத்துக்கு நேரில் போனால் பெயர்ப்பலகை இருந்த இடத்தில் நாலு ஆணி மட்டும் இருந்தது. சரி, கடையைக் கட்டிவிட்டார்கள், புத்தகம் இனி நம்முடையது என்று முடிவு கட்டினேன். 2018 செப்டம்பரில் ஒரு விற்பனைத் தளத்தில் நானே ஏற்றினேன்.

மூன்றாம் நாள் தளத்திலிருந்து மெயில் வந்தது. இதே புத்தகம் இன்னொருவர் கணக்கில் விற்பனையில் இருக்கிறது, உரிமை உங்களிடம் இருப்பதற்கு ஆவணம் அனுப்புங்கள் என்றார்கள். நான் ஆவணத்துக்குப் பதிலாக ஒன்றரைப் பக்கம் புலம்பல் அனுப்பினேன். புத்தகத்தை முடக்கினார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. நான் திருடியா, எழுதியவளா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அதற்குப் பிறகுதான் தம்புச் செட்டித் தெருவில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். அவர் ஒப்பந்தத்தை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். “இதுல எத்தனை வருஷம்னே எழுதலையேம்மா” என்றார்.

அந்த ஒரு வரியில்தான் என் ஒரு வருடம் போனது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்வது இது: உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடவில்லை என்றால் அது 5 ஆண்டுக்குத்தான். எந்த எல்லைக்குள் என்று குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். உரிமம் என்று தலைப்பிட்டு எழுதியிருந்தாலும் இதே கணக்குதான். என் ஐந்து ஆண்டு 2019 ஆகஸ்டில் தானாக முடிந்திருக்கும். இன்னும் பதினோரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருந்தால் ஒப்பந்தத்தையே ஆவணமாகக் காட்டியிருக்கலாம். நான் அவசரப்பட்டு ஏற்றியதால், காலம் முடிந்த பிறகும் அந்தப் புத்தகத்தைத் தளம் சந்தேகத்தோடே பார்த்தது. நோட்டீஸ், பதில், மறுபடி நோட்டீஸ் என்று 2020 கடைசி வரை இழுத்தது. வக்கீலுக்குக் கொடுத்த பணத்தை அந்த நாவல் இன்றுவரை சம்பாதித்துத் தரவில்லை. ஒப்பந்தம் அத்தனை நாளும் பீரோவில், புடவைக்கு அடியில்தான் கிடந்தது. அதை நினைத்தால்தான் இன்னமும் எரிகிறது.

அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. பல மின்னூல் பதிப்பகங்கள் அச்சு, ஒலிநூல், மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதி வாங்கிக்கொள்கின்றன. வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தவில்லை என்றால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, அந்த உரிமை காலாவதி ஆகிவிடும். மின்னூல் மாட்டிக்கொண்டிருந்தாலும் ஒலிநூல் உங்கள் கைக்குத் திரும்பியிருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள்.

‘பதிப்புரிமைக் காலம் முழுவதும்’ என்று கையெழுத்துப் போட்டிருந்தால் பாடு பெரிது. பதிப்புரிமை என்பது ஆசிரியரின் ஆயுளும் அதற்குப் பிறகு 60 ஆண்டும். அப்போது, எழுதிக் கொடுத்ததை ரத்து செய்யச் சொல்லி 19ஏ பிரிவின் கீழ் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். இதை முன்பு ஒரு வாரியம் விசாரித்தது, 2021க்குப் பிறகு வணிக நீதிமன்றத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் எழுதிக் கொடுத்து 5 ஆண்டு ஆவதற்குள் அதை ரத்து செய்ய மாட்டார்கள். இந்த நிலையில் இருப்பவர்கள் என்னைக் கேட்காமல் வக்கீலைக் கேளுங்கள்.

வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் விடுவது

“சார் ப்ளீஸ் ரிப்ளை பண்ணுங்க” என்று நாற்பது மெசேஜ் போட்டிருந்தான் அந்தத் தம்பி. ஒன்றில்கூட என்ன வேண்டும் என்று இல்லை.

ஒரே கடிதம் போதும். புத்தகத்தின் பெயர், ஒப்பந்தத் தேதி, கடைசியாகக் கணக்கு வந்த தேதி, அவர்கள் மீறிய நிபந்தனை எது, எத்தனை நாளுக்குள் பதில் வேண்டும். 30 நாள் கொடுங்கள், ஒப்பந்தத்திலேயே நாள் போட்டிருந்தால் அந்த நாள். பதில் வராவிட்டால் ஒப்பந்தத்தின் எந்த வரியின்படி முடித்துக்கொள்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். அழுகை, சாபம் எதுவும் வேண்டாம். ஒப்பந்தத்தில் இருக்கும் முகவரிக்கே ஒப்புகைச் சீட்டோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, அதையே மெயிலிலும் அனுப்புங்கள். அவர்கள் வீடு மாறிப் போனது உங்களுக்குத் தெரிந்திருந்தால் அந்த முகவரிக்கும் ஒன்று.

இப்போது கவர் கதை. என் முதல் நோட்டீஸ் ‘முகவரியில் இல்லை’ என்று திரும்பி வந்தது. ஆத்திரத்தில் அங்கேயே கிழித்து, அம்மா குப்பை கட்டி வைத்திருந்த பைக்குள் போட்டேன். வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். சரியான முகவரிக்கு அனுப்பி, பிரிக்காமல் திரும்பி வந்த கவர்தான் நாம் அனுப்பினோம் என்பதற்கு அத்தாட்சி. மேலே தபால்காரர் எழுதியது, முத்திரை, உள்ளே ஒட்டியபடியே கடிதம், எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். இரண்டாம் முறை அனுப்பியதும் திரும்பி வந்தது. அது இன்னும் ஒட்டியபடியே என்னிடம் இருக்கிறது.

பணத்தையும் உரிமையையும் ஒன்றாகக் கேட்பது

பாக்கிப் பணத்தைக் கொடுத்தால்தான் ஆச்சு என்று நின்றால், பணம் இல்லாதவர் கடிதமும் தர மாட்டார். முதலில் ‘இந்தப் புத்தகத்தின் உரிமை ஆசிரியருக்குத் திரும்பியது’ என்று இரண்டு வரி வாங்குங்கள். விற்பனைத் தளங்கள் கேட்பது அதைத்தான். ஆனால் ‘பாக்கி எதுவும் இல்லை’ என்று அதில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பாக்கிக்கு வழக்குப் போட பொதுவாக 3 ஆண்டு அவகாசம் உண்டு.

முகநூலில் திட்டுவது

வேண்டாம்.

கடைசிப் பிரதியை அவர்களிடமே விட்டுவைப்பது

மெய்ப்புப் பார்த்த பிரதி உங்கள் கணினியில் இருக்கிறதா? என்னிடம் இருந்தது வெறும் பிடிஎஃப். அதுவும் யூனிகோடு இல்லாத பழைய எழுத்துருவில். காப்பி செய்து ஒட்டினால் என் கதாநாயகி பேசியதெல்லாம் ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியுமாக விழுந்தது. எழுத்துரு மாற்றியில் போட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நின்றன. 212 பக்கத்தை மறுபடி தட்டச்சு செய்தேன். பதிப்பகத்தோடு உறவு நன்றாக இருக்கும்போதே யூனிகோடு வேர்டு பிரதியைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

பழைய அட்டை, பழைய ஐஎஸ்பிஎன்

இரண்டையும் தொடாதீர்கள். அட்டைக்குப் பணம் கொடுத்தது அவர்கள். ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்துக்குத் தரும் அடையாள எண், பதிப்பாளர் பெயரில் பதிவானது. புது எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் இலவசமாகவே வாங்கலாம்.

நிறுவனம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்காமல் இருப்பது

பிரைவேட் லிமிடெட் என்றால் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள். நடப்பில் இருக்கிறதா, பெயர் நீக்கப்பட்டதா என்று காட்டும். பதிவு முகவரியும் இருக்கும். நான் அனுப்பிய இரண்டாவது நோட்டீஸ் அந்த முகவரிக்குத்தான். திவால் நடவடிக்கையில் இருந்தால் அதற்கென நியமிக்கப்பட்டவரிடம், கெடு தேதிக்குள் உங்கள் பாக்கியைக் கோரிக்கையாகக் கொடுக்க வேண்டும். தனி ஆள் நடத்தும் பதிப்பகம் என்றால் இந்த வழி கிடையாது, வீட்டு முகவரியைத் தேட வேண்டியதுதான்.

அந்தத் தம்பியிடம், ஏற்றிய புத்தகத்தை அன்று ராத்திரியே இறக்கச் சொன்னேன். ஒப்பந்தத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன், இரண்டாம் பக்கம் மட்டும் வந்தது. முதல் பக்கம் எங்கே, நோட்டீஸ் அனுப்பிவிட்டாயா, கவர் திரும்பி வந்தால் பிரிக்காதே என்று வாட்ஸ்அப்பில் போட்டு நாலு நாள் ஆகிறது. நீல டிக் விழுந்திருக்கிறது. பதில் இல்லை.