தீபாவளி இரவில் வாணவெடிகளைப் படம் எடுப்பது எப்படி?

தீபாவளிக்கு மறுநாள் வாட்ஸ்அப்பைத் திறந்தால் ஒரே மாதிரிப் படங்கள் குவிந்திருக்கும். கறுப்பு வானம், நடுவில் வெள்ளை வெளேரென்று ஒரு திட்டு. நேரில் சிவப்பும் நீலமுமாக விரிந்த வெடி, படத்தில் மட்டும் வெளுத்துப்போகக் காரணம் ஆட்டோ மோட். அது இருட்டு வானத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, வெளிச்சம் போதவில்லை என்று முடிவு கட்டி ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் ஒளி உணர்திறனை, ஏற்றிவிடுகிறது. நமக்குத் தேவை வானம் அல்ல, தீப்பொறி. அது தானாகவே பளீரென்று எரிகிறது.

ஆகவே முதல் வேலை, கேமரா டயலை, எல்லா அளவையும் நாமே வைக்கும் மேனுவலுக்குத் திருப்புவது.

அபர்ச்சரா, ஷட்டரா?

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். அபர்ச்சர் என்பது லென்ஸில் ஒளி நுழையும் துளை; ஷட்டர், அந்த ஒளியைச் சென்சாருக்குத் திறந்துவிடும் கதவு. பறக்கும் பொறி சென்சாரில் ஓர் இடத்தைக் கடக்கக் கண நேரம்தான் ஆகும். ஷட்டர் 2 நொடி திறந்திருந்தாலும் 8 நொடி திறந்திருந்தாலும் அந்த இடத்தில் அந்தப் பொறி விட்டுச்செல்லும் வெளிச்சம் ஒன்றுதான். வெடியின் கோடு பிரகாசமாக விழுமா, மங்கலாக விழுமா என்பது அபர்ச்சரையும் ஐஎஸ்ஓவையும் பொறுத்தது. கோட்டின் நீளம், ஒரே படத்தில் எத்தனை வெடி, பின்னால் தெரியும் வீடுகளின் வெளிச்சம் ஆகியவை ஷட்டரைப் பொறுத்தவை.

ஐஎஸ்ஓ 100, அபர்ச்சர் எஃப் 8 முதல் எஃப் 11, ஷட்டர் 3 அல்லது 4 நொடி. இங்கிருந்து தொடங்குங்கள். வெடி வெளுத்தால் எஃப் 13, எஃப் 16 என்று துளையை மூடுங்கள் (எண் கூடினால் துளை சிறுக்கும்), ஷட்டரைத் தொடாதீர்கள். வெடி சரியாக இருந்து வானம் மட்டும் சாம்பல் பூத்தால் ஷட்டர் நேரத்தைக் குறையுங்கள்.

நிறத்துக்கும் இதில் பங்கு உண்டு. சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம் உப்பு, நீலத்துக்குச் செம்பு, வெள்ளிப் பொறிக்கு அலுமினியம், டைட்டானியம் போன்ற உலோகத் தூள் சேர்க்கிறார்கள். நல்ல நீலம் வரவழைப்பது பட்டாசு செய்பவர்களுக்கே சிரமமான வேலை. அபர்ச்சர் கொஞ்சம் கூடுதலாகத் திறந்திருந்தாலும் அந்த அரிய நீலம் வெளிறிவிடும். பின்னால் கணினியில் எதைச் செய்தாலும் அது திரும்பி வராது.

மாடிக்குப் போகும் முன்

தமிழ்நாட்டில் 2018 முதல் தீபாவளியன்று பட்டாசுக்கு காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். மாலை ஆறரைக்கே மாடியில் இருங்கள். வெடிக்கத் தொடங்கிய முதல் கால் மணி நேரம்தான் பொன்னான நேரம். அதன்பிறகு புகை தேங்கி எல்லாமே மங்கலாகும். ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக் கைப்பிடிச்சுவர் ஓரம் வைத்தால் காற்று எந்தப் பக்கம் போகிறதென்று தெரிந்துவிடும். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும் மூலையில் டிரைபாடை நிறுத்துங்கள். எதிர்க்காற்றில் நின்றால் தெருவின் புகை முழுக்க லென்ஸுக்கு முன்னால் வரும்.

ஐப்பசி மழைக்காலம் வேறு. ஏசி அறையிலிருந்து கேமராவை நேராக ஈரக்காற்றுக்குக் கொண்டுவந்தால் லென்ஸில் பனி படியும். அரை மணி முன்பே பையோடு வெளியில் வைத்துவிடுங்கள். திடீர்த் தூறலுக்கு ஒரு பிளாஸ்டிக் கவர் பையில் இருக்கட்டும்.

ஃபோகஸ்

இருட்டில் ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். அதற்குள் வெடி அணைந்துவிடும். தூரத்தில் ஒரு தெருவிளக்கையோ செல்போன் டவரின் சிவப்பு விளக்கையோ பாருங்கள். லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில்) அதைப் பெரிதாக்கி, விளக்கு சின்னப் புள்ளியாகச் சுருங்கும்வரை வளையத்தை மெல்லத் திருப்புங்கள். பிறகு மேனுவல் ஃபோகஸில் விட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். வளையத்தைக் கடைசிவரை திருகினால் இன்ஃபினிட்டி (வெகுதூர ஃபோகஸ்) என்று நினைக்க வேண்டாம்; பல லென்ஸ்கள் அதைத் தாண்டியும் சுழலும்.

டிரைபாடில் இருக்கும்போது, கை நடுக்கத்தைச் சமன்செய்யும் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடலாம். ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருக்கும்போது விழும் புள்ளிகளைத் துடைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனைக் கட்டாயம் அணையுங்கள். அது ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் அதே அளவு நேரம் கேமராவைக் காக்கவைக்கும்.

எப்போது அழுத்துவது?

ரிமோட் இருந்தால் பல்ப் மோட் அருமை; அதில் பொத்தானை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும். பக்கத்துத் தெருவில் ஸ்கை ஷாட் கிளம்பும் 'தும்' சத்தம் கேட்டதும் அழுத்துங்கள். மேலே போய், விரிந்து, கடைசிப் பொறி அணையும்போது விடுங்கள். கிளம்பிய கோடும் பூவும் சேர்ந்தே வரும். தூரத்து வெடிக்குக் காதை நம்பக்கூடாது. ஒரு கிலோமீட்டர் தாண்டிச் சத்தம் வர ஏறக்குறைய 3 நொடி ஆகும். அங்கே ஏறும் பொறியைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். ரிமோட் இல்லையா? 2 நொடி டைமர் வைத்துத் தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருங்கள். நாலில் ஒன்று தேறினாலே நல்ல அறுவடை.

கேமராவைச் செங்குத்தாக வைத்து, மேலே நிறைய வானம் விடுங்கள். கீழே ஒரு வரி ஊர் தெரிய வேண்டும்: தண்ணீர்த் தொட்டி, தென்னை, கோபுரம், பக்கத்து மாடியில் அண்ணாந்து நிற்கும் தலைகள். வெறும் வானத்தில் பூத்த வெடி எந்த ஊர் வெடியாகவும் இருக்கலாம்.

கம்பி மத்தாப்பு, புஸ்வாணம்

ராக்கெட்டைவிட எனக்கு இவைதான் பிடிக்கும். கம்பி மத்தாப்பால் குழந்தையைக் காற்றில் 'அ' எழுதச் சொல்லி, எஃப் 11-இல் 5 நொடி திறந்து வையுங்கள். எழுத்து இடவலம் மாறி வரும், கணினியில் திருப்பிக்கொள்ளலாம். ஃபிளாஷை ரியர் கர்ட்டனில் (ஷட்டர் மூடும் முன் அடிக்கும்படி) வைத்தால் கடைசிக் கணத்தில் முகமும் பதியும். அந்தக் கணம் மட்டும் குழந்தை அசையாமல் நிற்கட்டும். பருத்தி உடை, காலில் செருப்பு, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், கூடவே ஒரு பெரியவர். இதில் எதையும் விட்டுவிடாதீர்கள்.

புஸ்வாணத்தின் அடிப்பகுதி கண்ணைப் பறிக்கும். எஃப் 16, ஒரு நொடி போதும். கிட்டப் போகாமல் ஜூம் செய்யுங்கள்.

செல்போனில்

புரோ மோடில் ஐஎஸ்ஓவை இருப்பதிலேயே குறைத்து, ஃபோகஸை மலைக்குறியில் நிறுத்தி, ஷட்டர் அரை நொடி வையுங்கள். பெரும்பாலான போன்களில் அபர்ச்சர் மாறாது என்பதால் வெடியின் நடுப்பகுதி கொஞ்சம் வெளுக்கத்தான் செய்யும். அகன்று சிதறும் வெடிகளைத் தேர்ந்தெடுங்கள். போனை ஸ்டாண்டில் வைத்து டைமரில் எடுத்தாலே பாதிக் குறை தீரும்.

கேமராவோ போனோ, ரா ஃபார்மட் (சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பு) இருந்தால் அதிலேயே எடுங்கள். ஒயிட் பேலன்ஸை (நிறச் சாயலைச் சரிசெய்யும் அளவை) 4000 கெல்வினில் நிலையாக வைத்து, பிறகு கணினியில் ஹைலைட்டை (மிக வெளிச்சமான பகுதியை) கொஞ்சம் இறக்கி, புகை தெரிந்தால் கறுப்பை ஆழமாக்குங்கள். நிறச் செறிவை ஏற்றும் ஸ்லைடரை மட்டும் தொடாமல் விடுங்கள்; சிவகாசி கொடுத்த நிறம் போதும்.