கோடை விருந்துக்குப் பருத்தி டம்ளர் விரிப்பும் நன்னாரி சர்பத்தும்

பங்குனி வெயில் ஏறிவிட்டால் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதலில் வேண்டியது குளிர்ச்சியாக ஒரு டம்ளர். அந்த டம்ளர் ஐந்தே நிமிடத்தில் வியர்த்து, மேசையில் வட்டமாகத் தண்ணீர் கட்டும். அதை உறிஞ்சிக்கொள்ள ஊசியில் பின்னிய பருத்தி விரிப்புக்கு ஈடில்லை. தோழிகளுக்கு இரண்டு விரிப்பும் வீட்டில் காய்ச்சிய நன்னாரி சர்பத் ஒரு சின்ன பாட்டிலும் கொடுங்கள். கோடை முழுக்கப் புழங்குகிற பரிசு இது. விரிப்புகளை ஒரு வாரம் முன்பே பின்னத் தொடங்குங்கள், சர்பத்துக்கு ஒரு ராத்திரியும் ஒரு காலைப் பொழுதும் போதும்.

நூல் கட்டாயம் பருத்தியாக இருக்க வேண்டும். அக்ரிலிக் நூல் பார்க்கப் பளிச்சென்றிருந்தாலும் தண்ணீரை உறிஞ்சாது. சூடான காபி டம்ளரை வைத்தால் இளகி வடிவம் கெடவும் கூடும். 8 பிளை (நடுத்தரத் தடிமன்) பருத்தி நூலும் 4 மி.மீ. பின்னல் ஊசி ஒரு ஜோடியும் வாங்குங்கள். 50 கிராம் உருண்டையில் நான்கு விரிப்பு வரும். மூங்கில் ஊசி நல்லது. வியர்த்த கையில் ஸ்டீல் ஊசி வழுக்கும், பருத்திக்கு இழுபடும் தன்மை இல்லாததால் நழுவிய கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) சட்டென்று இறங்கிவிடும்.

பின்னும் முறை இதுதான். மூலையில் தொடங்கி மூலையில் முடியும் சதுரம், எல்லா வரிசையும் நேர்ப் பின்னல், அதாவது நூலைப் பின்பக்கம் வைத்துப் பின்னும் சாதாரணப் பின்னல். ஊசியில் 4 கண்ணி ஏற்றி ஒரு வரிசை பின்னுங்கள். அதன்பின் ஒவ்வொரு வரிசையிலும் 2 கண்ணி பின்னி, நூலை இரண்டு ஊசிகளுக்கும் நடுவே முன்பக்கம் கொண்டுவந்து, அப்படியே அடுத்த கண்ணியைப் பின்னுங்கள். ஊசியின் மேல் ஒரு புதுச் சுற்று விழும். மீதியைப் பின்னி முடித்தால் வரிசைக்கு ஒரு கண்ணி கூடும், ஓரத்தில் அழகான சின்னத் துளைகளும் வரும்.

28 கண்ணி சேர்ந்ததும் குறைக்க வேண்டும். 1 கண்ணி பின்னி, 2 கண்ணியைச் சேர்த்து ஒன்றாகப் பின்னி, முன்போல நூலை முன்னால் கொண்டுவந்து, மறுபடி 2 கண்ணியைச் சேர்த்துப் பின்னி, மீதியை நேராகப் பின்னுங்கள். வரிசைக்கு ஒன்றாகக் குறைந்து கடைசியில் 4 கண்ணி நிற்கும்போது அவை பிரியாதபடி முடித்து அடைத்துவிடுங்கள். பக்கத்துக்கு ஏறத்தாழ 10 செ.மீ. உள்ள சதுரம் கிடைக்கும்.

பெரும்பாலும் தவறு நடப்பது நூலை முன்னால் கொண்டுவர மறக்கும்போதுதான். அந்த வரிசையில் கண்ணி கூடாது, ஓரத்துத் துளை வரிசையில் ஓர் இடம் அடைபட்டுத் தெரியும். நான்கு வரிசைக்கு ஒருமுறை எண்ணிப் பார்த்தால் கொஞ்சம் பிரித்தாலே போதும். மாறாகக் கண்ணி இரண்டிரண்டாகக் கூடினால், வரிசைத் தொடக்கத்தில் நூல் ஊசிக்கு மேலாகப் பின்னால் போயிருக்கிறது என்று பொருள். அப்படிப் போனால் முதல் கண்ணியின் இரண்டு காலும் மேலே ஏறி இரண்டு கண்ணிபோலத் தெரியும். நூலை ஊசிக்குக் கீழாகத் தொங்கவிட்டுத் தொடங்குங்கள்.

நூல் முனையில் முடிச்சுப் போடாதீர்கள், முடிச்சுமேல் டம்ளர் ஆடும். மழுங்கிய ஊசியில் கோத்து 6 செ.மீ. போல வரிகளுக்குள் ஒளித்து, திரும்பி ஒருமுறை எதிர்ப்பக்கமாக இழுத்து வெட்டுங்கள். கொடுப்பதற்கு முன் ஒருமுறை அலசி, சதுரமாக இழுத்துவிட்டு நிழலில் உலர்த்துங்கள். புது நூலைவிட அலசிய நூல் தண்ணீரை நன்றாகக் குடிக்கும். சிவப்பு, கருநீல நூலானால் வெள்ளைத் துணியோடு அரைமணி நேரம் ஊறவைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி சர்பத். நாட்டு மருந்துக் கடையில் நன்னாரி வேர் 100 கிராம் வாங்குங்கள். பென்சிலைவிட மெல்லிய வேர்தான் நன்னாரி. தடித்துக் கிழங்காக இருந்தால் அது ஊறுகாய் போடுகிற மாகாளி, மணம் மட்டும் கிட்டத்தட்ட ஒன்று. நகத்தால் தோலைக் கீறினால் வாசம் குப்பென்று வர வேண்டும், வராவிட்டால் அது பழைய சரக்கு. மணம் தோலில்தான் இருக்கிறது. ஆகவே மண் போக மூன்று நான்கு தண்ணீரில் கழுவி, அம்மியிலோ உரலிலோ தட்டி, நடுவில் இருக்கும் வெள்ளைக் கட்டையை உருவி எறிந்துவிடுங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்தபின் வேர்த்தோலைப் போட்டு மூடி ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். வேரைப் போட்டுக் கொதிக்கவிட்டால் வீடெல்லாம் மணக்கும், ஆனால் அந்த மணம் சர்பத்தில் இருக்காது. காலையில் மெல்லிய துணியில் வடிகட்டினால் 750 மில்லிக்குச் சற்றுக் கூடுதலாகத் தேறும். அடியில் தங்கும் மண்டியைச் சேர்க்காதீர்கள். 750 மில்லி அளந்து ஒரு கிலோ சர்க்கரை சேர்த்து, கரைந்ததும் மிதமான தீயில் காய்ச்சுங்கள். விரலிடுக்கில் தொட்டால் எண்ணெய்போலப் பிசுபிசுக்க வேண்டும், கம்பி இழுக்கக் கூடாது. கம்பிப் பதம் வந்துவிட்டால் பாட்டிலுக்குள் கற்கண்டு கட்டும். பதம் போதாமல் நீர்த்திருந்தால் சில நாளில் நுரைத்துப் புளித்துவிடும். இறக்கும்போது ஒரு எலுமிச்சையின் சாற்றை வடிகட்டிச் சேருங்கள், சர்க்கரை பூத்துப்போகாமல் காக்கும்.

நிறம் தேநீர்போல வெளிறித்தான் இருக்கும். கடைச் சரக்கின் கருஞ்சிவப்புக்காகப் பொடி எதுவும் கலக்க வேண்டாம். நிறம் வேண்டுமானால் இரண்டு மேசைக்கரண்டிச் சர்க்கரையைத் தனியே கருக்கிச் சேர்க்கலாம். நன்றாக ஆறியபின், வெயிலில் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் ஊற்றுங்கள். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் மேலே பூஞ்சை படரும். 200 மில்லி பாட்டில் ஐந்து நிரம்பும், மீதி விருந்தன்றைக்கு.

அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்குத் தயிர் சாதம் போதும். ஆறு பேருக்கு இரண்டு கப் பச்சரிசியை எட்டு கப் தண்ணீரில் குழைய வேகவைத்து, சூட்டிலேயே உப்புப் போட்டு மசியுங்கள். காய்ச்சிய பால் இரண்டு கப் விட்டுக் கிளறி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் ஒரு கப் தயிர் சேருங்கள். பால் அதிகமாகவும் தயிர் குறைவாகவும் இருந்தால்தான் மூன்று மணி நேரம் கழித்தும் புளிக்காது. கடுகு, உளுந்து, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளிப்பு. துருவிய மாங்காயைப் பரிமாறும்போது மட்டும் தூவுங்கள், முன்னாலேயே போட்டால் பால் திரிந்துவிடும்.

சாப்பாடு முடிந்ததும் சர்பத். ஒரு டீஸ்பூன் சப்ஜா விதையை அரை கப் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்தால் இரண்டு டம்ளருக்கு வரும். ஒரு டம்ளருக்குச் சர்பத் 30 மில்லி, பானைத் தண்ணீர் 200 மில்லி, அரை எலுமிச்சை. இந்த அளவையும் காய்ச்சிய தேதியையும் ஒரு சீட்டில் எழுதி, விரிப்பில் மிஞ்சிய நூலால் ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் கட்டிவிடுங்கள். குளிர்பெட்டியில் வைத்து இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.