டிஎன்ஏ டெஸ்ட் ரிசல்ட்ட எப்படி படிக்கிறது

நம்ம மலேசியா சுங்கை சிப்புட் பக்கம் பிள்ளைங்க டியூப்ல எச்சில் துப்பி அனுப்புறாங்க, ரிசல்ட் வந்ததும் “அப்ப நாம தமிழரே இல்லையாம்மா”னு வீட்ல அழுகை, இத பாத்து மனசு கஷ்டமா போச்சு, அதான் எழுதுறேன்.

மொதல்ல சதவீதத்த விடுங்க. கம்பெனி யாரோட ஒப்பிட்டுச்சுனு பாருங்க, அது இன்னைக்கு உயிரோட இருக்குற ஆளுங்க குடுத்த சாம்பிள்தான், அந்த லிஸ்ட் மாறுனா உங்க நம்பரும் மாறும்.

அடுத்து, 1972ல லெவொன்டின்ங்கற மரபணு ஆராய்ச்சியாளர் போட்ட கணக்கு. மனுசங்க மரபணு வித்தியாசத்துல சுமார் 85% ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளயே இருக்கு, இனத்துக்கு இனம் இருக்குறது கொஞ்சந்தான். அதுக்காக மரபணுல ஒண்ணுமே இல்லனு சொல்லிறாதீங்க, முன்னோர் எந்த பக்கம் வாழ்ந்தாங்கனு தடம் இருக்கும். உதாரணத்துக்கு தலசீமியா, அதாவது பரம்பரையா வர்ற ரத்த நோய், மலேரியா இருந்த ஊர்கள்ல பரவுனது, அது இனம் பாக்காது, கல்யாணத்துக்கு முன்ன ரத்தம் செக் பண்ணுங்க ப்ளீஸ்.

அப்புறம் இனம் எழுதிருக்குற சூராட் பெரானாக்க, அதான் பொறப்பு பத்திரத்த, ரிசல்ட் பக்கத்துல வைங்க. 1891 வெள்ளைக்காரன் சென்சஸ்ல தமிழர், மத்த இந்தியர் எல்லாருக்கும் ஒரே தலைப்பு. மலேசிய அரசியலமைப்பு 160வது பிரிவுல மலாய்க்காரர் யாருனா மதம், மொழி, வழக்கம், அதோட சுதந்திரத்துக்கு முன்ன இங்க பொறந்த இல்ல குடியிருந்த தொடர்புனுதான் வருது, மரபணு பேச்சே இல்ல. இதெல்லாம் மனுசன் போட்ட கோடு, ஆனா அந்த கோட்டுலதான் நம்ம வாழ்க்கையே ஓடுது.

கடைசியா பாட்டிகிட்ட உக்காருங்க. எந்த ஊரு, எந்த தோட்டம், யாரு கூட்டிட்டு வந்தாங்கனு கேட்டு போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க, இன்னைக்கே.