உலாவியை மாற்றும் முன் உள்ளே ஓடும் எஞ்சினைப் பாருங்கள்

குரோமை விட்டு எட்ஜ், பிரேவ், ஓபரா என எதற்குப் போனாலும் உள்ளே ஓடுவது கூகுள் முன்னின்று உருவாக்கும் குரோமியம் என்ற அடிப்படை மென்பொருள்தான். அந்தப் பிடியிலிருந்து விலக, இணையப் பக்கங்களைத் திரையில் காட்டும் எஞ்சினைச் சொந்தமாக வைத்திருக்கும் ஃபயர்பாக்ஸே நல்ல தேர்வு. யுபிளாக் ஆரிஜின் விளம்பரத் தடுப்பானும் அதில் முழுத் திறனோடு வேலை செய்யும், ஆண்ட்ராய்டு போனிலும்கூட.

மாறும்போது கவனம் வேண்டியது பாஸ்வேர்டுகளில். குரோமின் பாஸ்வேர்டு மேனேஜர் செட்டிங்ஸில் எக்ஸ்போர்ட் கொடுத்தால் ஒரு சிஎஸ்வி கோப்பு இறங்கும். அதை ஃபயர்பாக்ஸின் பாஸ்வேர்டு பக்கத்தில் இம்போர்ட் செய்யலாம். அந்தக் கோப்புக்குப் பூட்டு கிடையாது. நோட்பேடில் திறந்தாலே உங்கள் பாஸ்வேர்டு அத்தனையும் அப்படியே தெரியும். வேலை முடிந்த கையோடு அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிடுங்கள்.

ஃபயர்பாக்ஸிலும் தேடுபொறியாக முதலில் இருப்பது கூகுள்தான். ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு, இதற்காகக் கூகுளோடு போட்ட ஒப்பந்தத்தில்தான் வருகிறது. செட்டிங்ஸில் சர்ச் பகுதிக்குப் போய் டக்டக்கோ என்ற வேறு தேடுபொறிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.