புதுக் காருக்கு முதல் பெட்ரோல்: மூடியை வீட்டிலேயே திறந்து பழகுங்கள்

ஷோரூமில் மாலை போட்டு, போட்டோ எடுத்து, சாவியைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். டேங்கில் இருப்பது பெரும்பாலும் பக்கத்துப் பங்க் வரை போகத்தான் காணும். நாகர்கோவில் பார்வதிபுரத்தில் வண்டியை எடுத்து நேரே சுசீந்திரம் கோவிலுக்குப் பூஜைக்குப் போகலாம் என்று கிளம்பினேன், வெட்டூர்ணிமடம் தாண்டுவதற்குள் மஞ்சள் விளக்கு எரிந்துவிட்டது. சரி என்று ஒரு பங்க்கில் நுழைந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே தடவி ஒரு லிவரை இழுத்தால் முன்னால் பானெட் டக்கென்று தூக்கிக்கொண்டது. பின்னால் நின்ற ஆட்டோக்காரர் சிரிக்காமல் கேட்டார்: "அண்ணே, பெட்ரோல் அதுலயா ஊத்துவாவ?"

அதனால் முதல் வேலை வீட்டு முற்றத்தில்தான். சில வண்டிகளில் மூடிக்கு டிரைவர் சீட் பக்கம் கீழே தனி லிவர் இருக்கும், சிலவற்றில் சென்ட்ரல் லாக் திறந்திருக்கும்போது மூடியைக் கையால் அமுக்கினால் போதும். மூடி எந்தப் பக்கம் என்பதற்கு இறங்கிப் பார்க்கவே வேண்டாம். பெரும்பாலான வண்டிகளில் மீட்டரில் பெட்ரோல் பம்ப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டி அம்புக்குறி இருக்கும், அது காட்டுகிற பக்கம்தான். பத்து வருஷம் ஓட்டியவர்களே இதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

பங்க்கில் இஞ்சினை ஆஃப் செய்துவிட்டு இறங்கி நில்லுங்கள். "பெட்ரோல்" என்றோ "டீசல்" என்றோ வாயைத் திறந்து சொல்லுங்கள், ஏனென்றால் ஒரே மாடல் இரண்டிலும் வருகிறது, ஊற்றுகிற பையனுக்கு வெளியிலிருந்து தெரியாது. டீசல் வண்டிக்காரர்கள் இன்னும் கவனம்: பெட்ரோல் நாசில் ஒல்லியானது, டீசல் டேங்கில் தாராளமாக நுழைந்துவிடும். மாற்றி ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது. தள்ளி ஓரமாக நிறுத்தி, மெக்கானிக்கைக் கூப்பிட்டு டேங்கைக் காலி செய்யுங்கள். ஸ்டார்ட் செய்தால் செலவு பல மடங்காகிவிடும்.

அப்புறம் ஜீரோ. "ஜீரோ பாத்துக்கோங்க" என்று அவர் சொல்லும்போது நிஜமாகவே பாருங்கள். அந்த நேரம் பார்த்து இன்னொருவர் வந்து "கார்டா, ஜிபேயா?" என்று பேச்சுக் கொடுப்பார், நமக்குக் கண் திரும்பிவிடும். ஆயிரம் ரூபாய்க்குச் சொன்னதை இருநூறில் நிறுத்தி, பேச்சுக்கு நடுவே ஜீரோ ஆக்காமலே மீட்டர் எண்ணூறு காட்டும்வரை மட்டும் போட்டு, ஆயிரத்தையும் வாங்கிக்கொண்ட அனுபவமும் எனக்கு உண்டு. அளவில் சந்தேகம் வந்தால் 5 லிட்டர் அளவுக் குடுவையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம், பங்க்கில் அதை வைத்திருந்தே ஆக வேண்டும்.

ஃபுல் டேங்க் என்றால் நாசில் தானாக 'டக்' என்று நிற்பதோடு போதும். ரவுண்டாக வரட்டும் என்று இன்னும் கொஞ்சம் திணிப்பார்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள். பெட்ரோல் வெயிலில் விரியும், அதற்கு மேலே இடம் வேண்டும். திணித்தது ஆவி பிடிக்கிற கேனிஸ்டருக்குள் போனால் அதுவும் கெடும். உள்மூடியைக் கிளிக் சத்தம் கேட்கும்வரை திருகிவிட்டு, ட்ரிப் மீட்டரை ஜீரோவாக்குங்கள். அடுத்த ஃபுல் டேங்க்குக்கு எத்தனை லிட்டர் பிடித்ததோ அதால் ஓடின கிலோமீட்டரை வகுத்தால் உண்மையான மைலேஜ் வந்துவிடும்.

திருவனந்தபுரம் போகிறவர்கள் களியக்காவிளைக்கு முன்னாலேயே ஊற்றிக்கொள்ளுங்கள். கேரள எல்லை தாண்டினால் லிட்டருக்குச் சில ரூபாய் கூடும். அந்தப் பக்கத்து கேஎல் வண்டிகளே இங்கே வந்துதான் வரிசையில் நிற்கின்றன.