கோ மொழியில் ஒரு நேரம், போஸ்ட்கிரெஸில் வேறு நேரமா?

கோ (Go) என்ற நிரல் மொழியில் இப்போதைய நேரத்தைத் தரும் டைம்.நவ் (time.Now), லினக்ஸில் நானோ நொடி வரை, அதாவது புள்ளிக்குப் பின் 9 இலக்கம் தரும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் நேரத்தைச் சேமிக்கும் டைம்ஸ்டாம்ப் வகை 6 இலக்கத்தோடு, மைக்ரோ நொடியில் நின்றுவிடும். 10:15:30.123456789 என்று சேமித்துவிட்டுத் திரும்பப் படித்தால் கடைசி 789 காணாமல் போயிருக்கும். இரண்டையும் ஒப்பிடும் டெஸ்ட் ஃபெயில் ஆகும். மேக் கணினியில் நேரமே மைக்ரோ நொடி வரைதான் வரும் என்பதால் அங்கே அதே டெஸ்ட் பாஸ் ஆகி, லினக்ஸ் சர்வரில் மட்டும் ஃபெயில் ஆகலாம். காரணம் தெரியாவிட்டால் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

தீர்வு சின்னதுதான். நேரத்தை உருவாக்கும் இடத்திலேயே, டைம்.நவ்-ஐ அடுத்து ட்ரங்கேட் போட்டு டைம்.மைக்ரோசெகண்ட் கொடுத்து வெட்டிவிடுங்கள்: time.Now().Truncate(time.Microsecond). இந்த வேலையை டேட்டாபேஸிடம் விடாதீர்கள். நேரத்தை எழுத்து வடிவில் அனுப்பினால் போஸ்ட்கிரெஸ் வெட்டாது, ரவுண்ட் செய்யும்: .123456789 என்பது .123457 ஆகிவிடும். பைனரியாக அனுப்பும் டிரைவர் (நிரலை டேட்டாபேஸோடு இணைக்கும் லைப்ரரி) .123456 என்று வெட்டியே அனுப்பலாம். அப்புறம், ஒப்பிடும்போது இரட்டைச் சமக்குறி வேண்டாம், ஈக்வல் மெத்தடைப் பயன்படுத்துங்கள். டைம்ஸோன் வேறாக இருந்தாலும் ஒரே கணம்தானா என்று அது சரியாகச் சொல்லும்.

மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸைப் பயன்படுத்துவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டேபிளின் நெடுவரிசையை (column) வெறும் டேட்டைம் என்று வைத்தால் முழு நொடி மட்டுமே நிற்கும், அதுவும் இயல்பாக ரவுண்ட் ஆகி. டிசம்பர் 31 இரவு 23:59:59.7-க்கு வந்த ஆர்டர் ஜனவரி 1 கணக்கில் போய் உட்காரும். நெடுவரிசையை டேட்டைம்(6) என்று அறிவியுங்கள்.