பிரெஞ்சுப் புதுச்சேரியைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரி என்றதும் மஞ்சள் சுவர், காகிதப்பூ, பிரெஞ்சுப் பெயர்ப்பலகை என்று படங்கள் வரிசை கட்டுகின்றன. அந்தத் தெருக்கள் அழகுதான். ஆனால் பிரெஞ்சுக்காரர் விட்டுப்போனது அவ்வளவுதான் என்று நினைப்பதுதான் முதல் தவறு. அவர்களின் தடம் கட்டடத்தைவிட ஆழமாகப் பதிந்திருப்பது சட்டத்திலும் குடியுரிமையிலும் கடல் தாண்டிப் போன குடும்பங்களிலும்.

கட்டடங்களிலும் கவனம் வேண்டும். 1761-ல் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர் அதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1763 உடன்படிக்கையில் ஊர் திரும்பக் கிடைத்து, 1765-லிருந்துதான் மறுபடி எழுந்தது. ஆகவே கண்ணில் படும் வீட்டையெல்லாம், அதற்கு முன் பிரெஞ்சு ஆளுநராக இருந்த துய்ப்ளே காலத்து வீடு என்று எழுதிவிடாதீர்கள். கோடு போட்டதுபோல் குறுக்கும் நெடுக்கும் ஓடும் தெருக்களுக்கான திட்டமும் டச்சுக்காரர் போட்டது. 1693 முதல் 1699 வரை ஊர் அவர்கள் கையில் இருந்தது. அப்புறம், வெள்ளையர் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே மட்டும் சுற்றிவிட்டுத் திரும்புவதும் சரியில்லை. மேற்கே தமிழர் பகுதியில், துய்ப்ளேயிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை வீடு இருக்கிறது: கீழ்த்தளம் தமிழ் முறையில், மாடி பிரெஞ்சு முறையில்.

'ஆங்கிலேயரைவிட பிரெஞ்சுக்காரர் தங்கமானவர்கள்' என்ற பேச்சு எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது. 1748-ல் துய்ப்ளே ஆட்சியில் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதை ரங்கப்பிள்ளையே தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். 1936 ஜூலை 30 அன்று சவானா பஞ்சாலையில் போராடிய தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தி 12 பேரைக் கொன்றார்கள். இவற்றை விட்டுவிட்டு எழுதுவது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம்.

அதற்காக எல்லாமே கொடுமை என்று ஒரே அடியாக அடித்துவிடவும் முடியாது. 1873-ல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியர்போல் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் போனார். அபராதம் விதித்தார்கள். அவர் விடவில்லை, பாரிஸ் வரை வழக்கைக் கொண்டுபோய் வென்றார். 1881 ஆணையின்படி, விரும்பியவர்கள் தங்கள் சமயம், சாதி சார்ந்த தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குக் கீழே வரலாம் என்றானது. அதில் முன்நின்றவரும் இவரே. அப்படி வந்தவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்துகொண்டார்கள். இவர் எடுத்துக்கொண்டது 'லாபோர்த்'. சாதியின் பிடியிலிருந்து தப்ப வழி கிடைக்கும் என்று நம்பிய தலித் மக்களும் கிறித்தவர்களும் நிறையப் பேர் இந்த வழியில் வந்தார்கள். இன்றும் அங்கே பிரெஞ்சுக் குடும்பப் பெயரோடு ஒரு தமிழரைப் பார்த்தால், கலப்பு வம்சம் என்று முடிவு கட்டாதீர்கள்.

குடியுரிமை விஷயத்திலும் குழப்பம் அதிகம். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் மட்டுமே கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். அதன்பின் ஆறு மாத அவகாசத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்களே பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்தார்கள். ஊரில் இருந்த மற்றவர்கள் இந்தியரானார்கள். 'புதுச்சேரியில் பிறந்தால் பிரெஞ்சு பாஸ்போர்ட்' என்பது வெறும் வதந்தி. பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்தருகே பதக்கம் குத்திக்கொண்டு நிற்கிறார்களே முதிய சொல்தாக்கள் (படைவீரர்கள்), அவர்கள் பிரெஞ்சு ராணுவத்தில் உழைத்து ஓய்வூதியம் வாங்குபவர்கள். அது சும்மா கிடைத்த சலுகை இல்லை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, கப்பல்களை மறப்பது. 1848-ல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்தபின் அதன் தீவுக் காலனிகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியும் காரைக்காலும் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிவிடும் துறைகளாயின. கூலிகள் எல்லாரும் பிரெஞ்சுப் பகுதிக்காரர்கள் இல்லை. சுற்றியிருந்த ஆங்கிலேய மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள். கரீபியன் தீவுகளில், 1853 முதல் மார்த்தினிக்குக்கு 25 ஆயிரம் பேர், 1854 முதல் குவாதலூப்புக்கு 40 ஆயிரத்துக்கு மேல், பெரும்பகுதி தமிழர். இந்தியப் பெருங்கடல் தீவான ரீயூனியனுக்கும் ஏராளமானோர் போனார்கள். அங்கே இன்றும் தீமிதி நடக்கிறது. மார்த்தினிக்கில் நம் மாரியம்மன் 'மாலியெமென்' ஆனாள், மதுரை வீரன் 'மால்தெவிலன்' ஆனான். மசாலாப் பொடி போட்டு ஆட்டுக்கறியில் செய்யும் 'கொலொம்போ' தீவில் எல்லாருக்கும் பொதுவான சாப்பாடு.

போன இடத்தில் உரிமை தானாகக் கிடைத்துவிடவில்லை. குவாதலூப்பிலேயே பிறந்த இந்தியத் தொழிலாளர் பிள்ளைகளை வாக்காளர் பட்டியலில் சேர்க்கக்கூடாது என்று தடை வந்தது. தொழிலாளர் குடும்பத்து மகனான ஆன்றி சிதம்பரம் 1904-ல் அதை எதிர்த்து வழக்கில் இறங்கினார். அவர்களும் பிரெஞ்சுக் குடிமக்கள்தான், வாக்குரிமை உண்டு என்று ஆக 1923 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.